கேட்டல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் பேச ஒரு தலைப்புத் தருமாறு கேட்டுச் செயலாளர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். 'உட்செவி' என்றேன். 'உட்பொருளா? மிக நல்ல தலைப்பு, ஐயா' என்று குறித்துக்கொண்டார். இந்த வட்டத்தில் சொற்களைப் பிழையாகக் கேட்பவன் நான் ஒருவனே என்று எண்ணியிருந்தேன். அன்று எனக்குத் துணையாக ஒருவர் கிடைத்தார் என்பதில் சிறு மகிழ்ச்சி.

நான் சொன்னது உட்செவிதான். மருந்தினால் உட்செவி கெடுவதும், கெட்டது எந்த அளவுக்கு மீளும் என்பதுமே இன்று நான் பேசப்போகும் பொருள். கவியரங்கம் நடைபெறும் மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். எழுத்தைக் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பே பாட்டு செவியில் வாழ்ந்தது. மோனையும் எதுகையும் கண்ணுக்காக ஏற்பட்டவை அல்ல. ஆகவே செவியைப் பற்றிய பேச்சு கவிஞர்களுக்கு அயலான பேச்சு ஆகாது.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இருபத்து நான்காம் வயதில் என் உயிரைக் காத்த மருந்தே என் செவியில் ஒரு பகுதியைத் தனக்கு விலையாக எடுத்துக்கொண்டது. அதனால் பிற்காலத்தில் தேடித் தேடிப் படித்தறிந்தவற்றையும், உடம்பால் உணர்ந்தறிந்தவற்றையும் சேர்த்தே இங்குச் சொல்கிறேன்.

ஊசியும் சிள்வண்டும்

1979 ஆம் ஆண்டு. ஆசிரியப் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை. மாலைதோறும் காய்ச்சல், விடாத இருமல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. அதே நோயில் என் அண்ணன் மறைந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே நோயின் பெயரைச் சொன்னபோது எங்கள் வீட்டில் எவரும் ஒன்றும் பேசவில்லை.

நாளுக்கு ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அதனுடன் மாத்திரைகள். நாள்தோறும் காலையில் மிதிவண்டியில் சென்று ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் நின்றது. பசி எடுத்தது. நான் இரண்டாம் முறை சோறு கேட்டபோது அம்மா முகத்தில் தோன்றிய ஒளி இன்றும் நினைவிருக்கிறது.

ஐந்தாம் வாரத்தில் ஓரிரவு. சிள்வண்டின் ஓசை இடைவிடாமல் கேட்டது. திண்ணையில் படுத்திருந்த அம்மாவிடம், 'சிள்வண்டு இப்படிக் கத்துகிறதே, உனக்குத் தூக்கம் வருகிறதா?' என்றேன். அம்மா எழுந்து உட்கார்ந்து சற்று நேரம் கூர்ந்து கேட்டுவிட்டு, 'ஏதுய்யா சிள்வண்டு? ஊரே அடங்கிக் கிடக்குதே' என்றாள். அந்த ஓசை எனக்குள்ளிருந்தே வருகிறது என்பதை அக்கணத்தில் அறிந்தேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஓயவில்லை. இப்போது உங்கள்முன் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த வாரத்தில் வேறு குறிகள் தோன்றின. அந்தி மயங்கிய பின் வயல் வரப்பில் நடந்தால் கால் தடுமாறியது. கிணற்றடியில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்களை மூடினால், நிற்கும் இடமே சாய்வது போலிருந்தது. நடந்துகொண்டே பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் எழுத்துகள் துள்ளின. நான் நின்றால் அவையும் நின்றன.

இவற்றை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அண்ணன் சென்ற வழியே நானும் செல்வேன் என்று அஞ்சினேன். இப்படிப் பன்னிரண்டு நாள்கள் கழிந்தன. பதின்மூன்றாம் நாள், மருத்துவமனை வராந்தாவில் நான் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பதை மருத்துவர் பார்த்துவிட்டார். அருகே அழைத்து, 'தம்பி, காதில் இரைச்சல் ஏதும் உண்டா?' என்று கேட்டார். கால்களைச் சேர்த்துவைத்து நிற்கச் சொன்னார். கண்களை மூடச் சொன்னார். மூடிய மறுகணம் அவர் கைகளில் விழுந்தேன். அன்றே ஊசி நின்றது. அதற்கு ஈடாக வேறொரு மாத்திரையைச் சேர்த்தார். நோய் முற்றிலும் குணமாயிற்று. ஊசி நின்றால் உயிரும் நின்றுவிடும் என்று நான் அஞ்சியது வீண் அச்சமே.

அந்தப் பன்னிரண்டு நாள்களும் பன்னிரண்டு ஊசிகளும் இன்றும் என் கணக்கில் இருக்கின்றன. அதுவரை நான் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. என் உரையின் பொருள் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

நத்தைக் கூட்டினுள்

உட்செவியில் நடந்தது என்ன? பொட்டெலும்பின் மிகக் கடினமான பகுதிக்குள் புதைந்திருக்கிறது உட்செவி. அதில் இரு பகுதிகள். ஒன்று நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா. அது கேட்பதற்கு உரியது. மற்றொன்று மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இரு சிறு பைகளும் கொண்ட பகுதி. அது உடலின் நிலைப்பாட்டைக் காப்பது. இரண்டிலும் ஒரே திரவம் நிறைந்திருக்கிறது. இரண்டிலும் மயிரிழை போன்ற நுண்முனைகளை உச்சியில் தாங்கிய செல்கள் வேலை செய்கின்றன.

காக்ளியாவை நீட்டிவைத்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். அந்தச் சிறு நீளத்தில் ஏறக்குறைய 3,500 உள்வரிசைச் செல்களும் 12,000 வெளிவரிசைச் செல்களும் அணிவகுத்துள்ளன. உள்வரிசை மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வெளிவரிசை மெல்லிய ஓசையைப் பெருக்கித் தருகிறது. நாம் பிறக்கும்போது கொண்டுவந்த செல்களே இறுதிவரை. அழிந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை முளைப்பதில்லை. ஓர் ஊரின் மக்கள்தொகை அளவே உள்ள இந்தக் கூட்டத்தை நம்பித்தான் நாம் இதுவரை கேட்ட பாட்டெல்லாம் இருந்திருக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கனாமைசின், அமிகாசின் ஆகியவை அமினோகிளைக்கோசைடு என்னும் ஒரே குடும்பத்து மருந்துகள். இவை செல்லுக்குள் நுழையும் வழியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஓசை வரும்போது மயிரிழைகள் அசைகின்றன. அவற்றின் நுனியில் நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. மின்னூட்டமுடைய துகள்கள் உட்புகுந்து ஓசை செய்தியாக மாறுகிறது. மருந்தும் அதே வாயில் வழியாகத்தான் உள்ளே போகிறது. உள்ளே போனது எளிதில் வெளியேறுவதில்லை. செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கி, செல் தானே மடியுமாறு செய்கிறது. இரத்தத்திலிருந்து நீங்கிய பிறகும் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கிலும் உட்செவியில் அது தங்குவதுண்டு. அதனால் ஊசி நின்ற பின்னும் செவி தேய்வது தொடரலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்தத் தீங்கு இன்னும் மிகுதி.

இந்த உண்மை புதிதாகத் தெரிய வந்ததும் அன்று. 1943 இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் சாட்ஸ் என்ற இளம் மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். அதுவரை காசநோயைக் குணப்படுத்தும் மருந்தே இல்லை. மேயோ மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள், சிலருக்கு நிலைதடுமாற்றம் ஏற்படுவதை 1945 லேயே கண்டார்கள். அந்தக் குறையை நீக்க மருந்தின் அமைப்பைச் சற்றே மாற்றிச் செய்தார்கள். மாற்றிய மருந்தில் தடுமாற்றம் குறைந்தது; செவிட்டுத்தன்மை கூடியது.

எழுத்துகள் துள்ளின என்று நான் சொன்னதைப் புனைவு என்று எவரும் கருத வேண்டா. ஸ்ட்ரெப்டோமைசினால் நிலைப்பாட்டு உறுப்பை இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், தம் பட்டறிவை ஜே. சி. என்ற முதலெழுத்துகளை மட்டும் இட்டு 1952 இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். படுக்கையில் சாய்ந்து படிக்கும்போது தம் நாடித்துடிப்பின் அசைவுக்கே எழுத்துகள் துள்ளினவாம். கட்டிலின் தலைப்புறக் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்ததாம். அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் கழித்து நான் அறிந்தபோது, என் தனிமை சற்றுக் குறைந்தது.

உயிரும் மெய்யும்

இனி, கவிஞர்களுக்கு நேரே உரிய செய்திக்கு வருகிறேன். காக்ளியாவின் அடிச்சுற்று உயர்ந்த ஓசைகளுக்கு உரியது. உச்சிச்சுற்று தாழ்ந்த ஓசைகளுக்கு உரியது. மருந்து முதலில் அழிப்பது அடிச்சுற்றில் உள்ள வெளிவரிசைச் செல்களை. எனவே முதலில் மறைவன உயர்ந்த ஓசைகள். வழக்கமான செவித்திறன் சோதனை 8,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அளக்கிறது. தேய்வோ பெரும்பாலும் அதற்கு மேலே தொடங்கி இறங்கி வருகிறது. பேச்சில் குறை தெரியும்போது தேய்வு நெடுந்தூரம் வந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

பேச்சில் முதலில் போவது எது? நம் இலக்கணத்தார் வகுத்த பிரிவுகளை வைத்தே இதை விளக்கலாம். உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. மெல்லினத்தின் மூக்கொலியும் தாழ்ந்ததே. வல்லினத்தின் வெடிப்பும், சகரத்தின் சீறலும் உயர்ந்த அதிர்வெண்களை நம்பியிருக்கின்றன. ஆகவே என் போன்றோருக்கு உயிர் கேட்கும், மெய் மறையும். 'காலை', 'சாலை', 'பாலை' என்று நீங்கள் மூன்று சொற்கள் சொன்னால், மூன்று முறையும் 'ஆலை' என்று ஒரே சொல் என்னை வந்தடையும். 'மாலை' என்றால் மட்டும் மகரத்தின் முனகல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருவர் பேசுவது எனக்குக் கேட்கிறது; ஆனால் விளங்குவதில்லை. சுற்றியிருப்போர் இதை அறிவதில்லை. 'கூப்பிட்டால் திரும்புகிறார், பேசினால் விழிக்கிறார். வேண்டும்போது கேட்கும், வேண்டாதபோது கேட்காது' என்று சொல்வார்கள். உரத்துப் பேசினால் உயிரோசைதான் பெரிதாகும், மெய் தெளிவாகாது. மெல்லப் பேசுதல், முகம் காட்டிப் பேசுதல், சொற்களுக்கிடையே சற்று இடைவெளி விடுதல் ஆகிய மூன்றும் போதும்.

இதழசைவைப் படிப்பது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பகரத்திற்கும் மகரத்திற்கும் இதழ்கள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. 'பாலை'க்கும் 'மாலை'க்கும் இதழில் வேறுபாடு இல்லை. ஆனால் என் செவி மகரத்தின் மூக்கொலியைப் பிடித்துக்கொள்ளும். கண் விட்டதைச் செவியும், செவி விட்டதைக் கண்ணும் எடுத்துக்கொள்கின்றன. ககரம் மட்டும் அடிநாவில் பிறப்பதால் கண்ணுக்கும் தப்பிவிடும். அதற்குப் பாட்டின் பொருள்தான் கைகொடுக்க வேண்டும். தொடை அமைந்த பாட்டு இதில் பேருதவி செய்கிறது. முதலடியின் எதுகையைப் பிடித்துவிட்டால் அடுத்த அடியில் வரப்போகும் எழுத்தைக் காதுக்கு முன்பே மனம் சொல்லிவிடும். எதுகை நினைவுக்குத் துணை என்று வகுப்பில் நான் கற்பித்ததுண்டு. கேட்கவும் துணை என்பதைக் குறைபட்ட பிறகே கற்றேன்.

மீள்வதும் மீளாததும்

மருந்தினால் வரும் செவிக்கேடு எல்லாம் ஒரே தன்மையது அன்று. மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா காதில் இரைச்சலையும் மந்தத்தையும் உண்டாக்கும். மருந்து நின்றால் பெரும்பாலும் மறையும். ஆஸ்பிரினை மிக அதிக அளவில் உட்கொண்டாலும் அவ்வாறே. நிறுத்திய சில நாள்களில் செவி தெளியும். அங்குச் செல்கள் மடிவதில்லை. வெளிவரிசைச் செல்களை நீட்டிச் சுருக்கும் பிரெஸ்டின் என்னும் புரதத்தின் வேலையை ஆஸ்பிரின் தற்காலிகமாகத் தடுக்கிறது, அவ்வளவே. உடலில் நீர் கோத்தவர்களுக்குத் தரும் ஃபுரோசமைடு போன்ற மருந்துகளின் தீங்கும் பெரும்பாலும் மீளக்கூடியது. ஆனால் அதுவும் அமினோகிளைக்கோசைடும் ஒன்றுசேர்ந்தால் கேடு பன்மடங்காகும். புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினின் கேடு, என்னுடையதைப் போல நிலையானது.

நிலையான கேடு என்றால் மீட்சியே இல்லையா? இதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதல் விடை பறவைகளிடமிருந்து கிடைத்தது. ஜென்டாமைசினால் அழிந்த செல்கள் கோழிக்குஞ்சின் செவியில் மறுபடி தோன்றுவதை 1987 இல் கண்டார்கள். பேரோசையால் கெட்ட செவியும் கோழியிலும் காடையிலும் புதுச் செல்களைப் பெறுகிறது என்று 1988 இல் இரு ஆய்வுக் குழுக்கள் ஒரே இதழில் அறிவித்தன. அழிந்த செல்லின் பக்கத்தில் தாங்கி நிற்கும் துணைச் செல்களே புதிய செல்களை உண்டாக்குகின்றன. அந்தத் துணைச் செல்கள் நமக்கும் இருக்கின்றன. ஆனால் பாலூட்டிகளின் காக்ளியாவில் அவை விழிப்பதில்லை. அவற்றை எழுப்பும் முயற்சிகள் தொடர்கின்றன. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஒரு மருந்து 2023 இல் சோதனையில் பயன் தரவில்லை. ஆகவே மனிதச் செவியில் அழிந்த செல்களை மீட்கும் மருந்து இன்று கையில் இல்லை. சந்தையில் எவராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டா.

இரண்டாம் விடை மூளை தருவது. நிலைப்பாட்டிற்கு உட்செவி, கண், பாத உணர்ச்சி என மூன்று துணைகள் உண்டு. ஒன்று போனால் மற்ற இரண்டும் சுமையைத் தாங்கப் பழகுகின்றன. மருத்துவர் என்னை வெறுங்காலுடன் நாள்தோறும் நடக்கச் சொன்னார். ஆற்று மணலில் நடந்தேன். சுவரில் ஓர் 'அ'கரம் எழுதி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பிப் பழகினேன். ஓராண்டில் வரப்பில் நடந்தேன். இரண்டாண்டில் மீண்டும் மிதிவண்டி ஓட்டினேன். இன்றும் விளக்கணைந்தால் சுவரைத் தேடுவேன். எனினும் பெரும்பகுதி மீண்டது. உறுப்பு மீளாமலேயே மனிதன் மீளலாம் என்பதை அந்த மணலில் கற்றேன். செவிக்கோ, கருவிகள் துணை. ஓரளவு எஞ்சிய செவித்திறனுக்குக் காதுக்கருவியும், முற்றும் போனதற்கு அறுவையின் மூலம் பொருத்தும் காக்ளியர் கருவியும் உள்ளன. அவை பழைய செவியைத் தருவதில்லை. புதிய ஒரு கேட்கும் முறையைத் தருகின்றன. அதையும் மொழி கற்பது போல் கற்கவேண்டும்.

மூன்றாம் விடையே தலையாயது. அது முன்கூட்டிக் காத்தல். சிஸ்பிளாட்டின் பெற்ற குழந்தைகளுக்கு ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட்டைச் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2018 இல் வெளிவந்தது. அது பெறாத குழந்தைகளில் 63 விழுக்காட்டினருக்குச் செவி குறைந்தது. பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கே குறைந்தது. 2022 இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது. மற்றொன்று, தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம். 1993 இல் கண்டறியப்பட்ட இது இருப்பவர்களுக்கு அமினோகிளைக்கோசைடின் சிறு அளவே செவியைப் பறித்துவிடக்கூடும். பிறந்த குழந்தைக்கு அவசரமாக ஜென்டாமைசின் தருமுன் இந்த மாற்றம் உண்டா என்பதை அரைமணி நேரத்திற்குள் சொல்லும் சோதனையை மான்செஸ்டரில் உருவாக்கி, 2022 இல் அதன் பயனை வெளியிட்டார்கள். நோய்த்தொற்று கண்ட பச்சிளங்குழந்தைக்கு ஜென்டாமைசின் இன்றும் உயிர்காக்கும் மருந்தே. மருந்தைப் பழிப்பது என் நோக்கம் அன்று. அது இல்லையேல் நான் இந்த மேடையில் இல்லை.

வாய் திறந்த இருவர்

என் காலத்தில் நான் வாய் திறக்கவில்லை என்றேன். பிற்காலத்தில் வாய் திறந்தவர்களைப் பற்றிச் சொல்வது என் கடமை.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கனாமைசின் ஊசியை மாதக்கணக்கில் போடுவது அண்மைக்காலம் வரை வழக்கமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் அருகே கயெலிட்சாவைச் சேர்ந்த புமேசா டிசிலே என்ற இளம்பெண்ணுக்கு 2010 இல் நோய் கண்டது. சிகிச்சையில் செவி முற்றும் போயிற்று. 2013 இல் நோய் நீங்கியது. 2015 இல் காக்ளியர் கருவிகள் பொருத்தப்பெற்று மீண்டும் ஓசையைக் கேட்டார். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் காசநோய் மருந்தினால் 2013 இல் செவித்திறனை இழந்தார். பரதநாட்டியம் கற்றவர் அவர். தாளம் கேளாத நிலையிலும் மீண்டும் மேடையேறி ஆடினார்.

இவ்விருவரும் தம் இழப்போடு நின்றுவிடவில்லை. செவிக்குக் கேடு செய்யாத பெடாகுவிலின் மாத்திரை வந்துவிட்டது. ஆனால் அப்போது அதன் விலை மிகுதியாக இருந்தது. அதன் காப்புரிமையை மேலும் நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை எதிர்த்து 2019 இல் இருவரும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தார்கள். 2023 மார்ச்சில் நிறுவனத்தின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இதற்கிடையே 2018 இல் உலகச் சுகாதார நிறுவனம் கனாமைசினைப் பரிந்துரையிலிருந்து விலக்கியது. 2020 இல் ஊசியில்லாச் சிகிச்சையை முன்வைத்தது. செவியிழந்தோர் எழுப்பிய குரலும் அந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது. செவியிழந்தவர்கள் பேசினார்கள், செவியுள்ளவர்கள் கேட்டார்கள்.

கேட்டலின் இரு பொருள்

நம் மொழியில் 'கேள்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: செவியால் கேட்டல், வாயால் வினவுதல். திருக்குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கு அது வினாவைக் குறிக்கவில்லை, செவியால் பெறும் அறிவைக் குறிக்கிறது. இரண்டு செயலுக்கும் ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கியது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் என் வாழ்வில் இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்தன. மருத்துவர் கேட்டார்; அதனால் என்னால் இன்றளவும் ஓரளவு கேட்க முடிகிறது. உட்செவியின் முதல் அபாயக்குறி ஓர் ஓசை. அந்த ஓசை நோயாளி ஒருவருக்கே கேட்கும். எந்தக் கருவியும் அதை வெளியிலிருந்து கேட்டு அறியாது. அவர் சொல்லவேண்டும், அல்லது பிறர் கேட்கவேண்டும். வேறு வழி இல்லை.

இந்த வட்டத்தின் முதற்கூட்டத்திற்கு வந்தபோது நான் பின்வரிசையில் சுவரோரம் அமர்ந்தேன். கவிதைகள் படிக்கப்பட்டன. உயிரோசைகள் அலையலையாக வந்துபோயின, சொற்கள் வரவில்லை. பிறர் தலையசைத்தால் நானும் அசைப்பேன். பிறர் கைதட்டினால் நானும் தட்டுவேன். மூன்று மாதங்கள் இப்படியே கழிந்தன. இனி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நான்காம் மாதம், நம் கவிஞர்களுள் இளையவரான ஒரு பெண் கூட்டம் முடிந்து என்னிடம் வந்தார். 'ஐயா, நீங்கள் எப்போதும் மற்றவர்கள் தட்டிய பிறகுதான் கை தட்டுகிறீர்கள். உங்களுக்கு எது கேட்கவில்லை?' என்று கேட்டார். அடுத்த மாதம் தம் கவிதையைக் கையால் படியெடுத்து, படிக்குமுன் என் கையில் தந்தார். அதற்கடுத்த மாதம் மூவர் தந்தார்கள். இன்று எல்லாக் கவிஞர்களும் ஒரு படியை முன்வரிசை நாற்காலியில் வைத்துவிட்டே மேடையேறுகிறார்கள். அந்த நாற்காலிக்கு இப்போது என்னைத் தவிர இன்னும் நால்வர் உரிமையாளர்கள். அவர்கள் முன்பும் இங்குதான் இருந்தார்கள், பின்வரிசையில் இருந்தார்கள்.

1979 இல் ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி என் செவியில் எஞ்சியதைக் காத்தது. பத்தாண்டுக்குமுன் ஒரு கவிஞர் கேட்ட கேள்வி எனக்குக் கவிதையை மீட்டுத் தந்தது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் வீட்டில் எவருக்குமோ ஊசி மருந்தோ புற்றுநோய் மருந்தோ நடந்துகொண்டிருந்தால், காதில் புதிய இரைச்சலோ நடையில் தடுமாற்றமோ தோன்றிய அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சொல்லுவதை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது, வீட்டு முதியவர் காரணமின்றிப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், 'ஏன் பேசுவதில்லை?' என்று கேட்பதற்கு முன், 'எது கேட்கவில்லை?' என்று கேளுங்கள்.